பன்னீர் வாசத்தின் பூர்விகம்

செம்பரம்பாக்கம் ஏரிக்கு வடக்கே ஓடும் பெங்களூரு நெடுஞ்சாலையில், ஷிப்ட் முடியும் நேரம் பார்த்துப் பழ வண்டிகள் வந்து நிற்கும். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளிலிருந்து திரும்பும் கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிடும் இடங்களில்தான் வியாபாரம் சூடு பிடிக்கும். தை பிறந்துவிட்டால் அந்த வண்டிகளில் இரண்டு வகைத் திராட்சை பக்கத்துப் பக்கத்தில் குவிந்திருக்கும். ஒன்று, நாசிக், சாங்லி பக்கமிருந்து வரும் விதையில்லாப் பச்சைத் திராட்சை. இன்னொன்று, தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் கருநீலப் பன்னீர் திராட்சை.

பச்சைத் திராட்சை இனிக்கும், கடித்தால் நறுக்கென்று இருக்கும். ஆனால் மூக்கருகே கொண்டுபோனால் சொல்லிக்கொள்ளும்படி வாசனை கிடையாது. பன்னீர் திராட்சை அப்படியல்ல. பழத்தை இரண்டு விரலால் அழுத்தினால் தோல் தனியாகக் கழன்று சதை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். உள்ளே இரண்டு மூன்று கொட்டைகள். கையில் மிஞ்சிய தோலைக் கசக்கி முகர்ந்தால் ரோஜாவின் சாயல் கொண்ட ஒரு மணம் விரலிலேயே தங்கிவிடும்.

இந்த வாசம் எங்கிருந்து வந்தது? வண்டிக்காரரைக் கேட்டாலும் வாங்குபவரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான்: கம்பத்து மண் வாகு அப்படி. பிரான்சின் ஒயின் தோட்டக்காரர்களும் பல தலைமுறைகளாக இதையேதான் சொல்லிவருகிறார்கள். ஒரு நிலத்தின் மண்ணும் பாறையும் சரிவும் தட்பவெப்பமும் சேர்ந்து பழத்துக்குத் தனிக்குணம் தருகின்றன என்பது அவர்கள் கொள்கை. அதற்கு ‘டெருவா’ என்று பெயர். தமிழில் நிலக்குணம் என்று சொல்லலாம். அங்கே ஷாப்ளி என்ற ஊரில் ஷார்டொனே என்ற வெள்ளைத் திராட்சை விளைகிறது. ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புக் களிமண் அந்த ஊருடையது. அதில் நகத்தளவே உள்ள சிப்பிகளின் புதைபடிவங்கள் மண்டிக் கிடக்கின்றன. அந்த ஊர் ஒயினைக் குடிப்பவர்களில் பலர் சிப்பியின் கடல்வாசம் நாக்கில் தெரிவதாகச் சத்தியம் செய்வார்கள்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளில் மரபணுவியலும் மண்ணியலும் கண்டுபிடித்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால், வாசத்துக்கு ஒரு வழி, மண்ணுக்கு ஒரு வழி என்று கதை இரண்டாகப் பிரிகிறது.

முதலில் வாசம். பன்னீர் திராட்சையின் மணத்துக்குக் காரணம் டெர்பீன்கள் என்ற கரிமச் சேர்மங்கள். எளிதில் ஆவியாகி மூக்கை எட்டும் சிறு மூலக்கூறுகள் இவை. திராட்சையில் முக்கியமானவை லினலூல், ஜெரானியால், நெரால் என்ற மூன்று. கொத்தமல்லி விதையின் மணத்தில் பெரும்பங்கு லினலூலுடையது. ரோஜா எண்ணெயில் ஜெரானியால் இருக்கிறது. ஆக, இந்தப் பழத்துக்குப் பன்னீர் என்று பெயர் வைத்தவர்களின் மூக்கு வேதியியலோடு ஒத்துப்போகிறது. இந்தச் சேர்மங்கள் சதையைவிடத் தோலிலும் தோலை ஒட்டிய பகுதியிலும்தான் அதிகம். அவற்றில் கணிசமான பகுதி சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்து, ஆவியாக முடியாமல் கிடக்கும். அந்தப் பிணைப்பு அறும்போதுதான் மணம் வெளிப்படும். பச்சைத் திராட்சையில் இந்தச் சேர்மங்கள் மூக்குக்கு எட்டும் அளவில் இல்லை.

பன்னீர் திராட்சைக்கு உலகச் சந்தையில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். இந்தியாவின் வேறு சில பகுதிகளில் இதையே குலாபி என்கிறார்கள். இதன் பிறப்பு கம்பத்திலிருந்து வெகுதொலைவில், இங்கிலாந்தின் கண்ணாடிக் கூடமொன்றில் நடந்தது. பெட்ஃபோர்ட்ஷயர் பகுதியின் ரெஸ்ட் பார்க் மாளிகையில் தோட்டக்காரராக இருந்த சீவர்ட் ஸ்நோ என்பவர், 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிளாக் ஹாம்பர்க் என்ற கறுப்புத் திராட்சையையும் அலெக்சாண்ட்ரியா மஸ்கட் என்ற வெள்ளைத் திராட்சையையும் கலந்து இதை உருவாக்கினார். பிளாக் ஹாம்பர்க் இங்கிலாந்தில் ஏற்கெனவே புகழ்பெற்ற ரகம். 1768இல் லண்டன் அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் நடப்பட்டு இன்றும் காய்த்துக்கொண்டிருக்கும் பெரிய கொடி அந்த ரகம்தான். அலெக்சாண்ட்ரியா மஸ்கட்டோ மத்தியதரைக் கடலோரங்களில் நூற்றாண்டுக் கணக்கில் வெள்ளை ஒயினுக்கும் உலர் திராட்சைக்கும் வளர்க்கப்பட்டுவரும் பழம்பெரும் ரகம்.

இங்கே ஒரு சிறு வழக்கையும் தீர்த்துவிடலாம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று செய்திகள் வெளியாயின. ஸ்நோ இந்த ரகத்தை உருவாக்கியதே அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான். பாதிரியார் திராட்சைக் கொடி கொண்டுவந்திருக்கலாம்; அது மஸ்கட் ஹாம்பர்க்காக இருக்க வழியில்லை. இன்று பந்தலில் தொங்கும் ரகம் பின்னால் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

ஸ்நோ சொன்னதை நம்புவது எப்படி? தோட்டக்காரர்களின் குறிப்புகளில் தவறு நேர்வது சகஜம். மகரந்தம் காற்றில் எங்கிருந்தும் வந்திருக்கலாம். இதைச் சரிபார்க்க ஒரு முறை இருக்கிறது. உயிரிகளின் டி.என்.ஏ. இழையில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் கொண்ட ஒரே துண்டு திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கும். இவற்றைக் குறுந்தொடர்கள் என்போம். ஒரே மாதிரிப் பெட்டிகள் கோத்த ரயிலாக இதை நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நிலையத்திலும், அதாவது இழையின் ஒவ்வொரு குறிப்பிட்ட இடத்திலும், ஒரு கொடிக்கு இரண்டு ரயில்கள் உண்டு. ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. பெட்டிகளின் எண்ணிக்கை ரகத்துக்கு ரகம் மாறும். பிள்ளை என்று சந்தேகிக்கப்படும் கொடியில் ஒரு நிலையத்தில் 12 பெட்டி ரயிலும் 17 பெட்டி ரயிலும் நின்றால், பெற்றோர் என்று சொல்லப்படும் கொடிகளில் ஒன்றிடம் 12 இருக்க வேண்டும், மற்றதிடம் 17 இருக்க வேண்டும். ஒரு நிலையத்தில் தற்செயலாகப் பொருந்திவிடலாம். இருபது முப்பது நிலையங்களில் தொடர்ந்து பொருந்தினால் அது தற்செயல் அல்ல.

இத்தாலியின் கொனேலியானோ திராட்சை ஆய்வகத்தைச் சேர்ந்த மன்னா கிரெஸ்பான் 2003இல் இந்த முறையில் மஸ்கட் ஹாம்பர்க்கின் பெற்றோரை உறுதிசெய்தார். ஸ்நோ சொன்னது சரி. ஒரு பக்கம் அலெக்சாண்ட்ரியா மஸ்கட். மறுபக்கம் பிளாக் ஹாம்பர்க். ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் ஸ்கியாவா குரோஸா என்று அழைக்கப்படும் ரகமும் இதுவும் ஒன்றே.

ஆய்வு இன்னும் ஒரு தலைமுறை பின்னோக்கியும் போனது. அலெக்சாண்ட்ரியா மஸ்கட்டின் பெற்றோரில் ஒன்று, மஸ்கட் குடும்பத்துக்கே மூத்ததான சிறுமணி வெள்ளை மஸ்கட். மற்றது, சார்டினியாவிலும் கிரேக்கத் தீவுகளிலும் வளர்ந்த ஒரு கறுப்புத் திராட்சை. இருவரும் எங்கோ ஒரு கடற்கரைத் தோட்டத்தில் தாமாகவே கலந்திருக்கிறார்கள். மனிதத் தலையீடு இருந்ததற்கு அடையாளம் இல்லை.

ஷார்டொனேயின் கதையும் இதே வழியில்தான் தெரியவந்தது. 1999இல் ஜான் பவர்ஸ், கரோல் மெரெடித் ஆகியோர் கொண்ட கலிபோர்னிய, பிரெஞ்சுக் குழு, ஷார்டொனேயின் பெற்றோர் பினோ என்ற உயர்குடி ரகமும் கூவே பிளாங் என்ற மட்டமான வெள்ளைத் திராட்சையும் என்று ‘சயின்ஸ்’ இதழில் அறிவித்தது. ஒயின் உலகம் திகைத்துப்போனது. கூவே பிளாங் ஏழை உழவர்களின் திராட்சை என்று ஒதுக்கப்பட்டது. பிரான்சில் அதன் சாகுபடியே ஏறத்தாழ அற்றுப்போயிருந்தது. அந்த இணையருக்கு ஷார்டொனே உட்பட 16 ரகங்கள் பிறந்திருப்பது அந்த ஆய்வில் வெளிவந்தது.

இனி பன்னீர் திராட்சையின் நிறத்துக்கும் மணத்துக்கும் கணக்குப் பார்க்கலாம். வெள்ளைத் திராட்சை என்பது நிறம் இழந்த கறுப்புத் திராட்சை. தோலில் கருநீல நிறமி உண்டாகச் சொல்லி உத்தரவிடும் இரண்டு மரபணுக்கள் அருகருகே இருக்கின்றன. பழங்காலத்தில் ஏதோ ஒரு கொடியில் அந்த இரண்டும் பழுதாயின. ஒன்றில், இடம்விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டு ஒன்று வந்து செருகிக்கொண்டது. ஜப்பானிய ஆய்வாளர்கள் அதை 2004இல் கண்டுபிடித்தார்கள். உலகின் வெள்ளைத் திராட்சைகளில் பெரும்பாலானவை அந்தப் பழுதின் வாரிசுகள். அலெக்சாண்ட்ரியா மஸ்கட் தந்தது பழுதான பிரதி. பிளாக் ஹாம்பர்க் நல்ல பிரதியைக் கொடுத்தது. நல்லது ஒன்று இருந்தாலே நிறம் வந்துவிடும் என்பதால் பன்னீர் திராட்சை கருநீலமாகப் பிறந்தது. நிறம் ஒரு வழியில் வந்தது என்றால் மணம் மறுவழியில், வெள்ளைப் பாட்டி வீட்டுச் சீராக வந்தது.

அந்தச் சீர் என்ன என்பதும் இப்போது தெரியும். டெர்பீன்கள் உருவாகும் நீண்ட வேதிச் சங்கிலியின் முதல் கண்ணியில் ஒரு நொதி வேலை செய்கிறது. அதை உண்டாக்கும் மரபணுவுக்கு டி.எக்ஸ்.எஸ். என்று சுருக்கப் பெயர். இத்தாலியின் சான் மிகேலே ஆய்வு நிலையத்தினர் 2009இலிருந்து வெளியிட்ட ஆய்வுகளில், மஸ்கட் குடும்பத்து ரகங்களில் இந்த மரபணுவின் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பது தெரியவந்தது. அந்த மாற்றத்தால் நொதியின் சங்கிலியில் 284ஆவது இடத்தில் இருக்கும் அமினோ அமிலம் வேறொன்றாகிறது. நொதியின் வேகம் கூடுகிறது, டெர்பீன் பெருகுகிறது.

இது வெறும் தொடர்பா, காரணமேதானா என்று கேட்க வேண்டும். அதற்கு இயற்கையே ஒரு சோதனை செய்து வைத்திருக்கிறது. ஷார்டொனே பொதுவாக வாசனை குறைந்த பழம். ஆனால் ஷார்டொனே முஸ்கே என்று அதன் ஒரு கிளைவகை உண்டு. எல்லா வகையிலும் அது ஷார்டொனேதான், ஆனால் மஸ்கட் மணம் வீசும். அதன் டி.எக்ஸ்.எஸ். மரபணுவைப் பார்த்தபோது, மஸ்கட்டில் மாறிய எழுத்துக்குச் சற்றுத் தள்ளி, வேறோர் எழுத்து மாறியிருந்தது. கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்ற நறுமணத் திராட்சையில் இன்னொரு இடத்தில் மாற்றம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று மாற்றங்கள், ஒரே மரபணுவில் நேர்ந்து, ஒரே விளைவைத் தந்திருக்கின்றன. இதைவிட உறுதியான சான்று கிடைப்பது அரிது. ஷார்டொனேயையும் ஷார்டொனே முஸ்கேயையும் ஒரே தோட்டத்தில், ஒரே மண்ணில், அடுத்தடுத்த வரிசையில் நட்டாலும் ஒன்று மணக்கும், மற்றது மணக்காது.

மண்ணை மாற்றிப் பார்த்தாலும் இதே முடிவுதான். அலெக்சாண்ட்ரியா மஸ்கட் சிசிலிக்கும் துனிசியாவுக்கும் நடுவில் இருக்கும் பந்தலேரியா தீவில் எரிமலை மண்ணில் வளர்கிறது. அங்கே காற்றுக்கு ஒதுங்க, தரையில் குழி பறித்து அதற்குள் குட்டைப் புதராக வளர்க்கிறார்கள்; அந்தச் சாகுபடி முறையை யுனெஸ்கோ 2014இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஸ்பெயினின் மாலகாவில் அதே ரகம் பலகைக்கல் சிதைந்த செங்குத்துச் சரிவில் நிற்கிறது. தென்னாப்பிரிக்காவில் அதற்கு ஹானபோட் என்று பெயர். எரிமலைச் சாம்பலோ பலகைக்கல்லோ, மஸ்கட் மணம் மாறுவதில்லை.

அப்படியானால் மண் எதையும் தருவதில்லையா? தருகிறது. ஆனால் பலரும் நினைப்பதைத் தருவதில்லை. சுமார் நானூறு ஆண்டுகளுக்கு முன் பெல்ஜியத்தின் யான் வான் ஹெல்மோன்ட் ஒரு தொட்டியில் 200 பவுண்டு உலர் மண்ணைக் கொட்டி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, ஐந்தாண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டாக வளர்ந்தது. மண்ணை மீண்டும் உலர்த்தி நிறுத்தபோது குறைந்திருந்தது வெறும் 2 அவுன்ஸ். அவர் இறந்தபின் 1648இல் வெளியான இந்தச் சோதனையில், மரமெல்லாம் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவுசெய்தது தவறு. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு அவர் கணக்கில் வரவில்லை. ஆனால் மண்ணின் பங்கு அவ்வளவு சிறியது என்ற அளவீடு இன்றும் நிற்கிறது. திராட்சையின் சர்க்கரையும் நிறமியும் டெர்பீனும் காற்றையும் தண்ணீரையும் வெயிலையும் கொண்டு இலையிலும் பழத்திலும் சமைக்கப்படுகின்றன. மண்ணில் லினலூல் கிடையாது.

வேர் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்வது தண்ணீரில் கரைந்த பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் முதலான அயனிகளை. பாறையை அது தின்பதில்லை. வேல்ஸ் நாட்டுப் புவியியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் இதைப் பல கட்டுரைகளிலும் 2018இல் வெளியான தம் நூலிலும் விரிவாக எழுதியிருக்கிறார். பாறைக்குச் சுவையில்லை; சுண்ணாம்புக்கல்லை நக்கினாலும் நாக்கில் ஈரமும் சொரசொரப்பும்தான் தெரியும். கரைந்து வரும் அயனிகள் ஒயினில் இருக்கும் அளவும் பொதுவாக நாக்கு உணரும் அளவுக்குக் கீழே. ஷாப்ளி ஒயினில் சிலர் உணரும் தீக்கல் வாசனைக்குக் கந்தகச் சேர்மங்கள் காரணமாகக் காட்டப்படுகின்றன. சிப்பிக்கு அதில் பங்கில்லை.

பழைய கடல் படிவைப் பார்க்க ஷாப்ளி வரை போக வேண்டியதும் இல்லை. செம்பரம்பாக்கத்துக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி, ஆலைகளுக்கு அஸ்திவாரம் தோண்டும் நிலத்தின் அடியில், கிரெட்டேசியஸ் காலத்துக் களிப்பாறையும் மணற்பாறையும் படுத்திருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் படிவுகள் என்றே புவியியல் நூல்களில் அவற்றுக்குப் பெயர். பழங்காலச் செடிகளின் இலைப்பதிவுகளோடு கடல்வாழ் உயிரிகளின் எச்சங்களும் அவற்றில் கிடைத்திருக்கின்றன. மறுபுறம், கிழக்கே பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் எழும்பி நிற்கும் கருநீலப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்குப் போடப்பட்ட கல் இந்த இனம் என்று கண்டு, புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றிய மலைகளிலும் இதே சார்னோகைட் பரவலாக இருக்கிறது. பாறைதான் மணம் தருகிறது என்றால் பல்லாவரத்துக்கும் கம்பத்துக்கும் பெரிய வேறுபாடு இருக்கக் கூடாது.

வேரையே மாற்றிப் பார்த்த அனுபவமும் உண்டு. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சின் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் காட்டுத் திராட்சையை வேர்ச்செடியாக வைத்து, அதன்மேல் பழைய ரகங்களை ஒட்டுக் கட்டினார்கள். மண்ணைத் தொடும் பகுதி முழுக்க வேற்றினமாகிவிட்டது. பழம் மாறவில்லை. மஸ்கட் மஸ்கட்டாகவே மணந்தது, ஷார்டொனே ஷார்டொனேயாகவே இருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும், ஒரே ரகம் பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் தரத்தில் வேறுபடுவது உண்மை. அதை மறுப்பவர்கள் தோட்டத்துக்குப் போகாதவர்கள். போர்தோ பல்கலைக்கழகத்தின் ஜெரார் செகான் 1960களிலிருந்து அங்குள்ள புகழ்பெற்ற சரளைமண் தோட்டங்களைத் தோண்டித் தோண்டிப் பார்த்தார். மண்ணிலுள்ள சத்துகளின் அளவுக்கும் ஒயினின் தரத்துக்கும் நேரடிப் பொருத்தம் எதையும் அவரால் காண முடியவில்லை. நல்ல தோட்டங்கள் எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: மழை பெய்தால் தண்ணீர் சட்டென்று வடிந்துவிடும், வறண்டால் ஆழத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும்.

அவருடைய வழியில் வந்த கோர்னெலிஸ் வான் லேவன், 1996 முதல் 2000 வரை ஐந்து பருவங்களில், சரளை, மணல், களி ஆகிய மூன்று மண்களில் மூன்று ரகங்களை வைத்து அளந்தார். தட்பவெப்பம், மண், ரகம் மூன்றும் பழத்தின் தன்மையைப் பாதித்தன. தட்பவெப்பமும் மண்ணும் செய்த பாதிப்பில் பெரும்பகுதி, கொடிக்கு எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் கிடைத்தது என்பதன் மூலமே நடந்திருந்தது என்பது 2004இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு.

இதற்கான காரணம் கொடியின் இயல்பில் இருக்கிறது. தண்ணீர் தாராளமாக இருந்தால் திராட்சைக் கொடி இலையும் தளிருமாக ஓடிக்கொண்டே இருக்கும். பழம் உப்பி, சாறு நீர்த்துவிடும். காய் பிடித்தபின் தண்ணீர் லேசாகக் குறைந்தால் தளிர் ஓட்டம் நிற்கும். இலையில் சமைத்த சர்க்கரை பழத்துக்குத் திரும்பும். பழம் சிறுத்தால், சதையோடு ஒப்பிடத் தோலின் விகிதம் கூடும். மணமும் நிறமும் தோலில்தானே இருக்கின்றன! தண்ணீர் அளவுக்கு மீறிக் குறைந்தாலோ இலை கருகிப் பழமும் வதங்கிவிடும். மண்ணின் வேலை இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே கொடியை நிறுத்துவது. பெரிய துகள்கள் கொண்ட மணலும் சரளையும் தண்ணீரை உடனே விட்டுவிடும். களிமண்ணின் நுண்ணிய இடுக்குகளோ அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஷாப்ளியின் சுண்ணாம்புக் களி வடிகாலும் தரும், ஈரத்தையும் தேக்கி மெல்ல விடும். அந்தச் சிப்பிப் படிவின் உண்மையான உதவி இதுதான் என்று சொல்வது கடல்வாசக் கதையைவிடக் குறைந்த பெருமையில்லை.

இந்தக் கண்ணோடு கம்பத்தைப் பார்த்தால் பலதும் விளங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் கிடக்கும் பள்ளத்தாக்கு அது. மலைக்கு அந்தப்பக்கம் கொட்டும் தென்மேற்குப் பருவமழையின் நீர், 1895இல் பென்னிகுவிக் கட்டிமுடித்த பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியாக இந்தப்பக்கம் வருகிறது. வானத்திலிருந்து குறைவாகவும் வாய்க்காலிலும் கிணற்றிலும் தேவைக்கேற்பவும் தண்ணீர். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி பக்கத்துத் தோட்டங்களில் மணல் கலந்த செம்மண். தண்ணீரை விடுவதும் நிறுத்துவதும் தோட்டக்காரர் கையில் இருக்கிறது.

செம்பரம்பாக்கத்தின் நிலைமை இதற்கு நேரெதிர். 24 அடி ஆழத்துக்கு 3,645 மில்லியன் கன அடி நீர் தேங்கும் ஏரி. அதைச் சுற்றிக் களி கலந்த, நெல்லுக்கென்றே பண்பட்ட நிலம். வடகிழக்குப் பருவமழை இங்கே வஞ்சனையில்லாமல் பெய்யும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் பதிவானது 47 சென்டிமீட்டர். அப்படிப்பட்ட ஈரத்தில் திராட்சை இலையில் அடிச்சாம்பல் நோய் பிடிக்கும். பழுக்கும் நேரமானால் பழம் வெடிக்கும். இங்கே பன்னீர் திராட்சையை நட்டால் அதன் மரபணு மாறிவிடாது, தோலில் வாசமும் இருக்கும். ஆனால் அந்தப் பழம் ஒழுங்காகப் பழுத்து வண்டிக்கு வந்துசேருமா என்பதுதான் சிக்கல்.

மண்ணின் வேதியியலுக்கு வேலையே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பிரான்சில் அமெரிக்க வேர்ச்செடிகளை நட்டபோது சுண்ணாம்பு மிகுந்த கோன்யாக் போன்ற பகுதிகளில் அவை மஞ்சளாகிச் செத்தன. சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்தை அவற்றால் எடுக்க முடியவில்லை. 1887இல் பிரெஞ்சுத் திராட்சை ஆய்வாளர் பியர் வியாலா அமெரிக்காவுக்குப் போய், டெக்சாஸில் டி.வி. மன்சன் என்ற தோட்டக்கலைஞரின் வழிகாட்டலில், சுண்ணாம்புப் பாறையிலேயே வளரும் பெர்லாண்டியேரி என்ற காட்டுத் திராட்சையைக் கண்டறிந்தார். அதன் கலப்புகளே பிறகு அந்தப் பகுதிகளைக் காப்பாற்றின. மகாராஷ்டிராவில் 1990களில் உப்பேறிய நிலமும் தண்ணீர்த் தட்டுப்பாடும் கொடிகளை வாட்டியபோது, அதே டெக்சாஸ் வழிவந்த டாக்ரிட்ஜ் வேர்ச்செடிதான் கைகொடுத்தது. மண்ணில் தழைச்சத்து கூடினாலும் குறைந்தாலும் பழத்தில் தெரியும். பொட்டாசியம் மிகுந்தால் புளிப்பு மட்டுப்படும். இவை கொடியின் உடல்நலத்தை மாற்றுகின்றன, அதன்வழி பழத்தின் தரத்தையும் மாற்றுகின்றன. புதிய வாசம் எதையும் மண்ணிலிருந்து ஏற்றிவிடுவதில்லை.

கம்பத்துக்கென்று தனியாகச் சொல்ல வேண்டிய சிறப்பு அதன் நாட்காட்டி. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி உறங்கும், வசந்தத்தில் விழிக்கும், ஆண்டுக்கு ஒரு விளைச்சல். நாசிக் பக்கமும் அறுவடை பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான். கம்பத்தின் வெப்பத்தில் கொடிக்கு உறக்கமே கிடையாது. கவாத்து செய்யும் கத்தரிதான் அதை எழுப்புகிறது. வெட்டிய நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் பன்னீர் திராட்சை பழுத்துவிடும். ஆண்டுக்கு இரண்டு அறுவடை, வாய்த்தால் மூன்று. பக்கத்துப் பந்தல்காரர் வேறு தேதியில் கவாத்து செய்வார். அதனால் பள்ளத்தாக்கில் எந்த மாதம் போனாலும் ஏதாவதொரு பந்தலில் குலை கறுத்துக்கொண்டிருக்கும். இங்கிலாந்தின் குளிருக்குப் பயந்து கண்ணாடிக் கூடத்தில் உருவாக்கிய ரகம், கூரையில்லாத வெயிலில் இப்படிக் காய்க்கும் என்று ஸ்நோ எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்.

அறுவடைக்கு முந்தைய ஒரு வாரம் பாசனத்தை நிறுத்தும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை சொல்கிறது. மணல் கலந்த செம்மண் அந்த ஒரு வாரத்துக்குள் ஈரம் இறங்கிக் கொடிக்குக் கணக்குக் காட்டிவிடும். களிமண் நிலத்தில் வாய்க்காலை அடைத்து ஒரு வாரமானாலும், வேருக்குப் பக்கத்தில் இன்னும் தண்ணீர் இருந்துகொண்டிருக்கும்.